கடை மூடினால் போதுமா?

தமிழ்நாட்டில் மதுவிலக்கைப் பற்றி மேடையேறிப் பேசாத கட்சி இல்லை. கடைகளை உடனே மூட வேண்டும் என்பவர்களும், படிப்படியாக மூடலாம் என்பவர்களும், மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்பவர்களுமாக நமது அரசியல்வாதிகள் மூன்று அணிகளாகப் பிரிந்து நின்று பல வருஷங்களாக வாதாடி வருகிறார்கள். நாம் முதல் அணியைச் சேர்ந்தவர்கள். மதுக்கடை மூடப்பட வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகம் இருந்ததில்லை; இன்றும் இல்லை.

ஆயினும் நம் அணியைச் சேர்ந்த நண்பர்களையே இன்று ஒரு கேள்வி கேட்க விரும்புகிறோம். நாளைக் காலையில் தமிழ்நாட்டின் மதுக்கடைகள் அத்தனையும் மூடப்பட்டுவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். இருபது வருஷமாகக் குடித்து, விடிந்ததும் கை நடுங்கி, அந்த நடுக்கத்தை நிறுத்துவதற்காகவே மறுபடியும் குடிக்கும் நிலைக்கு வந்துவிட்ட ஒரு மனிதன், நாளை மாலை ஆறு மணிக்கு எங்கே போவான்? மூட வேண்டிய கதவைப் பற்றி ஆயிரம் கூட்டம் போட்டிருக்கிறோம். அவனுக்காகத் திறக்க வேண்டிய கதவைப் பற்றி ஒரு கூட்டமாவது போட்டதுண்டா?

திருவண்ணாமலையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் அங்கே கூடி, 14 கிலோமீட்டர் தூரம் மலையை வலம் வருகிறார்கள். கார்த்திகைத் தீபத்தன்று மலையுச்சியில் ஏற்றும் ஜோதியைக் காணத் தேசத்தின் நாலா பக்கங்களிலிருந்தும் வருகிறார்கள். கடல் கடந்தும் வருகிறார்கள். இவ்வளவு புண்ணியம் தேடப்படும் ஊரிலும் குடியால் குலையும் குடும்பங்கள் உண்டு. கூலி நாளன்று புருஷன் எந்த வழியாக வருவான் என்று தெருமுனையில் காத்து நிற்கும் மனைவியை அங்கும் காணலாம். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பையனை அங்கும் காணலாம். பக்கத்து ஜில்லாவான கள்ளக்குறிச்சியில் 2024 ஜூன் மாதத்தில் மெத்தனால் கலந்த விஷச்சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மாண்டவர்களில் ஒருவராவது, 'இந்தச் சனியனை விட்டுவிட வேண்டும்' என்று என்றேனும் ஒரு நாள் நினைக்காமலா இருந்திருப்பார்? அப்படி நினைத்த அன்று அவர் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார் என்பதே நமது கேள்வி.

மதுவிலக்குச் சரித்திரத்தில் திருவண்ணாமலைக்கு ஓர் இடம் உண்டு என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். ராஜாஜியின் மந்திரிசபை 1937 அக்டோபர் 1ந் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. அடுத்த வருஷம் சித்தூர், கடப்பை ஜில்லாக்கள். 1939 அக்டோபர் 1ந் தேதி வட ஆற்காடு ஜில்லா. திருவண்ணாமலை அன்று வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்தபடியால் அவ்வூருக்கும் மதுவிலக்கு வந்தது. அம்மாத முடிவிலேயே காங்கிரஸ் மந்திரிசபை ராஜினாமாச் செய்துவிட்டது. பிறகு யுத்த காலத்தில், கவர்னரின் ஆலோசகர்கள் நடத்திய ஆட்சியில் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. சுதந்திரம் வந்தபின் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் ஆட்சியில், 1948 அக்டோபர் 2ந் தேதி, காந்தியடிகளின் ஜன்ம தினத்தன்று மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமலாயிற்று. 1971ல் கடைகள் திறந்தன. சில வருஷங்களில் மூடின. 1981ல் மறுபடியும் திறந்தன. 2003 முதல் சில்லறை விற்பனையையும் சர்க்காரே தன் கையில் எடுத்துக்கொண்டது. 2023-24ம் வருஷத்தில் மதுவினால் கஜானாவுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல்.

கடை மூடுவதும் திறப்பதுமாக எண்பது வருஷங்களுக்கு மேல் கழிந்துவிட்டன. இந்தக் காலம் முழுவதும் கடையைப் பற்றிப் பேசினோம். கடைக்குப் போகிறவனைப் பற்றிப் பேசியது சொற்பம். சேலத்தில் 1937ல் சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட விவேகிகள். கள்ளுக்கடையில் கழிந்த மாலைப்பொழுதை வேறு எதனால் நிரப்புவது என்று அவர்கள் யோசித்தார்கள். பஜனை, விளையாட்டு, நாடகம் ஆகியவற்றுக்குக் கிராமங்களில் ஏற்பாடு செய்தார்கள். மனிதனிடமிருந்து ஒன்றைப் பிடுங்கினால் அவ்விடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும் என்ற உண்மையை அவர்கள் அறிந்திருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் சட்டத்தை மாத்திரம் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு பஜனையை மறந்துவிட்டார்கள்.

இது நிற்க. நோயின் அளவு என்ன? மத்திய சர்க்காருக்காக டில்லி எய்ம்ஸ் வைத்தியசாலை நடத்திய சர்வே 2019ல் வெளியாயிற்று. மதுவினால் தீங்குற்றோ அதற்கு அடிமையாகியோ உதவி தேவைப்படும் நிலையிலிருப்பவர்கள் இத்தேசத்தில் 5.7 கோடிப் பேர் என்று அது கணக்கிட்டது. மதுவுக்கு அடிமையானவர்களில் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றவர் 38 பேருக்கு ஒருவர். ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். 38 பேர் ஆற்றில் மூழ்கிக்கொண்டிருக்க, ஒருவருக்கு மாத்திரம் கயிறு வீசிவிட்டுக் கரையில் நின்று ஆற்றைத் திட்டுகிறவர்களை என்னவென்று சொல்வது!

முதலில் நாம் திருத்திக்கொள்ள வேண்டியது நமது பேச்சை. 'குடிகாரன்' என்ற சொல்லில் வசை மாத்திரமே இருக்கிறது. மதுவுக்கு அடிமையாவது நோய் என்பதை உலக வைத்திய சாஸ்திரம் ஒப்புக்கொண்டு நெடுங்காலம் ஆகிறது. 'குடிநோயாளி' என்ற நல்ல சொல்லும் தமிழில் வழக்கிற்கு வந்துவிட்டது. நோயாளி என்பதால் அவன் செய்த கொடுமைகளுக்கு மன்னிப்புச் சீட்டு எழுதிக் கொடுக்கச் சொல்லவில்லை. மனைவியை அடித்தவன் அடித்தவனே. ஆனால் வசையினால் குணமான நோய் இதுவரை ஒன்றும் இல்லை.

நமது ஜனங்கள் இந்நோய்க்குத் தமக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். சாமி சந்நிதியில் சத்தியம் செய்து கையில் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். மாலை போட்டு விரதம் இருக்கிறார்கள். விரத காலம் முழுவதும் ஒரு சொட்டும் தொடாமல் இருந்தவர்கள் ஏராளம். இதைக் கேலி செய்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. நாற்பத்தெட்டு நாள் நிறுத்த முடிந்தவனுக்கு மனவுறுதியே கிடையாது என்று எவன் சொல்லுவான்? அந்நாட்களில் அவன் தனியாக இருப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவனைப் போல் மாலை போட்டவர்கள் கூட இருக்கிறார்கள். சேர்ந்து குளிக்கிறார்கள், சேர்ந்து உண்கிறார்கள், சேர்ந்து பாடுகிறார்கள். மாலையைக் கழற்றியதும் கூட்டம் கலைகிறது. நாற்பத்தொன்பதாம் நாள் அவன் தனியனாகிறான். பழைய சிநேகிதன் ஒருவன் எதிரே வருகிறான். மீதியை நாம் சொல்ல வேண்டியதில்லை. விரதத்தில் குறையில்லை; விரதம் முடிந்த மறுநாள் அவனோடு யார் இருக்கிறார் என்பதில்தான் குறை.

திருவண்ணாமலைக் கோயிலுக்குப் போகிறவர்கள் அருணகிரிநாதரின் கதையை அறிவார்கள். தீய வழிகளில் உடலும் பொருளும் மானமும் இழந்து, இனி உயிரும் வேண்டாம் என்று வல்லாள மகாராஜன் கோபுரத்தின் மேலேறிக் குதித்தார் என்றும், முருகன் அவரைத் தன் கையில் ஏந்திக் காத்தான் என்றும் ஐதிகம். விழுகிறவனை ஏந்திக்கொள்ளக் கீழே ஒரு கை இருந்தது. பிறகு அவன் வாயிலிருந்து திருப்புகழ் பிறந்தது. அந்தக் கோபுரத்தைத் தினமும் அண்ணாந்து பார்க்கும் ஊர், கீழே நீட்டப்பட்ட கையை மறந்துவிடலாமா?

அந்தக் கையை மனிதர்கள் மனிதர்களுக்கு நீட்டிய வரலாறு ஒன்று உண்டு. 1935 மே மாதத்தில் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊருக்கு வியாபார நிமித்தம் பில் வில்ஸன் என்பவர் வந்திருந்தார். குடியினால் சகலத்தையும் இழந்து, சில மாதங்களாகக் குடியை நிறுத்தி வைத்திருந்தவர். வந்த காரியம் தோற்றது. கையில் காசில்லை. தங்கியிருந்த ஹோட்டலின் கூடத்தில் ஒரு பக்கம் மதுச்சாலையின் சிரிப்பொலி. மறு பக்கம் டெலிபோன். மறுபடியும் குடித்துவிடுவோம் என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஊரிலுள்ள மாதா கோயில்களின் பட்டியலைப் பார்த்து ஒரு பாதிரியாரைக் கூப்பிட்டு, தம்மைப் போன்ற குடிநோயாளி ஒருவரோடு பேச வேண்டும் என்று கேட்டார். கடைசியில் டாக்டர் பாப் ஸ்மித் என்ற ரண வைத்தியரிடம் கொண்டு சேர்த்தார்கள். இருவரும் மணிக்கணக்கில் பேசினார்கள். வந்தவர் உபதேசம் செய்யவில்லை. தம் கதையைச் சொன்னார். அதே ஜூன் 10ந் தேதி டாக்டர் ஸ்மித் கடைசித் தடவையாகக் குடித்தார். அந்தத் தேதியையே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் சங்கம் தன் ஜன்ம தினமாகக் கொண்டாடுகிறது. பெயரை வெளியிடாத குடிநோயாளிகளின் சங்கம் என்பது அதன் பொருள். ஏ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லுகிறார்கள். 1957ல் அது இந்தியாவுக்கு வந்தது. இன்று தமிழிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன.

நம் நாட்டிலும் சொந்த முயற்சிகள் இல்லாமற் போகவில்லை. கணவரை மதுவுக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், துக்கத்தை உள்ளே பூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. 1980ல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் பெயரால் குடிநோய்ச் சிகிச்சை ஸ்தாபனத்தைத் தொடங்கினார். நோயாளிக்கு மாத்திரமின்றி அவன் குடும்பத்தாருக்கும் சிகிச்சை வேண்டும் என்பது அங்கே கொள்கை. ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களைத் தேடிக் கிராமங்களிலும் முகாம் நடத்தினார்கள். 1992ல் அம்மையாருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஒரு வீட்டில் விழுந்த இடியிலிருந்து ஊருக்கு விளக்கு எடுத்துத் தந்தவர் அவர்.

இக்கூட்டங்களில் என்னதான் நடக்கிறது? அறியாதவர்கள் ஏதேதோ கற்பனை செய்துகொள்கிறார்கள். ஓர் அறை, வட்டமாகச் சில நாற்காலிகள், தேநீர். மாதா கோயிலை ஒட்டிய அறையிலோ பள்ளிக்கூட அறையிலோ பெரும்பாலும் கூடுகிறார்கள். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். ஒருவர் எழுந்து தம் பெயரை மாத்திரம் சொல்லி, தாம் குடிநோயாளி என்று ஒப்புக்கொண்டு, தம் கதையைச் சொல்லுகிறார். மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்கிறார்கள். பிறகு அடுத்தவர். பேச விருப்பமில்லாதவர் பேசாமலே இருக்கலாம். சந்தா இல்லை, செலவுக்கு உண்டியல் சுற்றி வரும், முடிந்தவர் போடலாம். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே சேருவதற்கு யோக்கியதை. ஜாதி கேட்பதில்லை, மதம் கேட்பதில்லை, கட்சி கேட்பதில்லை, உத்தியோகம் கேட்பதில்லை. ஜன்மம் முழுவதும் குடிக்க மாட்டேன் என்று சபதம் செய்யச் சொல்வதுமில்லை. இன்று ஒரு நாள் முதல் கிளாஸைத் தொடாமல் இரு. நாளைய தினத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். புதிதாக வந்தவனுக்குப் பழையவர் ஒருவர் துணையாக நிற்கிறார். நடு இரவில் மனம் தடுமாறினால் அவரைக் கூப்பிடலாம். நாற்பத்தொன்பதாம் நாளின் தனிமைக்கு இதைவிட நேரான மருந்து வேறென்ன?

கூட்டங்களில் இரண்டு வகை உண்டு. குடியை விட விரும்புகிறவர்கள் மாத்திரம் அமர்வது ஒன்று. குடும்பத்தாரும் பிறரும் வந்து கேட்கக்கூடியது மற்றொன்று. முதல் தடவை போகிறவர் இரண்டாவது வகைக்கு மனைவியையோ அண்ணனையோ அழைத்துக்கொண்டு போகலாம். குடும்பத்தாருக்கென்றே 1951ல் தொடங்கிய 'அல்-அனான்' என்ற தனிச் சங்கமும் உண்டு. குடிக்கும் பெண்களும் நம் நாட்டில் இருக்கிறார்கள். ஆண்களைவிடப் பதின்மடங்கு பழிக்கு அஞ்சி ஒளிந்து வாழ்கிறார்கள். அவர்களுக்கும் அந்த வட்டத்தில் நாற்காலி உண்டு.

கூட்டத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? ஜில்லாத் தலைநகரின் சர்க்கார் ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியரைக் கேட்கலாம். மத்திய சர்க்காரின் 14446 என்ற எண்ணையோ, மனநல உதவிக்கான 14416 என்ற எண்ணையோ டெலிபோனில் கூப்பிடலாம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. 2020ல் கொரோனா வந்து எல்லாரையும் வீட்டுக்குள் அடைத்தபோது கைபேசி வழியாகக் கூட்டம் நடத்தும் வழக்கமும் வளர்ந்தது. ஜவ்வாது மலையின் ஒரு கிராமத்தில் இருப்பவரும் சென்னையில் இருப்பவரும் ஒரே வட்டத்தில் உட்கார இன்று வழியுண்டு. பக்கத்தில் கூட்டமே இல்லையென்றால்? ஆக்ரனில் இருந்தவர்கள் இரண்டே பேர். குடியை விடுவதற்காக இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே அது ஒரு கூட்டம் என்பது அச்சங்கத்தின் விதி.

தேடுகிறவர்கள் மூன்று எச்சரிக்கைகளை மனத்திற் கொள்ள வேண்டும். முதலாவது, நெடுங்காலம் அதிகமாகக் குடித்தவர் ஒரே நாளில் தாமாக நிறுத்துவது அபாயம். நிறுத்திய சில மணி நேரத்திலிருந்து மூன்று நாட்களுக்குள் வலிப்பு வரலாம், சித்தப்பிரமை வரலாம், உயிரும் போகலாம். அந்த நாட்களை வைத்தியர் கண்காணிப்பில் கழிக்க வேண்டும். கூட்டம் ஆஸ்பத்திரிக்குப் பதில் ஆகாது. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தவனைத் தாங்குவது கூட்டம். இரண்டாவது, 'குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம்' என்று விளம்பரம் செய்யும் மருந்துகளை நம்ப வேண்டாம். மதுவோடு சேர்ந்தால் உடலைப் படாதபாடு படுத்தும் மருந்துகள் உண்டு. வைத்தியர் சொல்லி, நோயாளி சம்மதித்துச் சாப்பிட வேண்டியவற்றைக் குழம்பில் கலந்து கொடுப்பது அன்பினால் செய்யும் கொலையாக முடியலாம். மூன்றாவது, மறுவாழ்வு மையம் என்று பலகை மாட்டி, உள்ளே பூட்டி வைத்து அடிக்கும் இடங்களைக் கண்டு ஏமாற வேண்டாம். 2017ம் வருஷத்து மனநலச் சட்டம் நோயாளிக்கு உரிமைகளை வகுத்திருக்கிறது. மையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கிறது. பதிவைக் காட்டச் சொல்லிக் கேட்பதற்கு யாரும் கூசக் கூடாது.

ஆட்சேபங்கள் இல்லாமலில்லை. இது கடவுளைப் பற்றிப் பேசும் மேல்நாட்டுச் சரக்கு என்பார் பகுத்தறிவு நண்பர். அவரவர் தமக்கு விளங்கிய முறையில் ஒரு பெரிய சக்தியை நம்பினால் போதும் என்பதே அங்கே பேச்சு; அந்தக் கூட்டத்தையே தமக்கு மேற்பட்ட சக்தியாகக் கொண்டு குணமான நாஸ்திகர்களும் உண்டு. இது கிறிஸ்தவர்களின் காரியம் என்பார் ஆஸ்திக நண்பர். மாதா கோயில் அறை கொடுத்தது என்றால், நமது மடங்களும் சத்திரங்களும் ஏன் கொடுக்கவில்லை என்று அவர் யோசிக்கட்டும். இதனால் பலன் உண்டா என்பார் மூன்றாமவர். நியாயமான கேள்வி. 10,000க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய 27 ஆராய்ச்சிகளைக் காக்ரேன் என்னும் சர்வதேச வைத்திய ஆய்வு ஸ்தாபனம் 2020ல் ஒன்றுசேர்த்து ஆராய்ந்தது. அவை பெரும்பாலும் மேல்நாட்டில் நடந்தவை. குடியை அடியோடு விட்டிருப்பதில், இக்கூட்டங்களில் நோயாளிகளை முறையாகச் சேர்த்துவிடும் சிகிச்சை மற்றப் பிரபல சிகிச்சைகளைவிட அதிகப் பலன் தந்தது என்று கண்டது. எல்லாருக்கும் பலிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. மூன்று தடவை தவறி நாலாம் தடவை நின்றவர்கள் உண்டு. நில்லாமலே போனவர்களும் உண்டு. 38 பேரில் 37 பேருக்கு எதுவுமே கிடைக்காத தேசத்தில், எல்லாருக்கும் பலிக்காது என்பதற்காக ஒருவருக்கும் வேண்டாம் என்று சொல்வது விவேகமாகாது.

உண்மையில் பெரிய தடை வேறு. அதுதான் வெட்கம். பட்டப் பகலில் மதுக்கடை வாசலில் வரிசையில் நிற்க வெட்கப்படாதவன், குடியை விடும் கூட்டத்தின் வாசற்படியை மிதிக்க வெட்கப்படுகிறான். சந்நிதித் தெருவில் ஒருவன் இருமினால் தேரடித் தெருவில் தெரிந்துவிடும் ஊரில் இந்த வெட்கம் பொய்யான பயமன்று. 'அவனா, அந்தக் கூட்டத்துக்கல்லவா போகிறான்!' என்று நகைக்க நாலு பேர் இருக்கிறார்கள். அந்த நாலு பேரும் நாமே. நகைப்பதை நாம் நிறுத்தினால் அவன் அந்தப் படியை ஏறிவிடுவான்.

இப்பொழுது நமது நண்பர்களுக்கு வருவோம். தொண்டர்களிடம் உற்சாகம் இருக்கிறது; ஊரில் செல்வாக்கு இருக்கிறது; கூட்டம் நடத்தும் பழக்கம் இருக்கிறது. இதைப் படித்ததும், 'நம் கட்சியின் சார்பிலேயே குடிநோயாளிகள் கூட்டம் ஒன்றைத் தொடங்கிவிட்டால் என்ன?' என்ற எண்ணம் அவர்களுக்குத் தோன்றக்கூடும். அந்த எண்ணத்தை அப்படியே விழுங்கிவிடும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம். அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் 1840ம் வருஷம் ஆறு குடியர்கள் ஒரு மதுச்சாலையிலேயே கூடி, இனிக் குடிப்பதில்லை என்று சபதம் செய்து, வாஷிங்டன் பெயரால் ஒரு சங்கத்தை அமைத்தார்கள். ஒருவருக்கொருவர் கதை சொல்லி, ஒருவரையொருவர் தாங்கி, சில வருஷங்களுக்குள் லட்சக்கணக்கானவர்களைச் சேர்த்தார்கள். பிறகு மேடைகள் வந்தன, பிரசங்கிகள் வந்தார்கள், மதுவிலக்குச் சட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையும், மற்ற அரசியல் சண்டைகளும் உள்ளே புகுந்தன. வந்த வேகத்திலேயே சங்கம் மறைந்தது. ஏ.ஏ.யில் வெளி விவகாரம் எதிலும் சங்கம் அபிப்பிராயம் சொல்லுவதில்லை. வெளியார் நன்கொடை வாங்குவதில்லை. அங்கத்தினர் பெயரைப் பத்திரிகையில் போடுவதில்லை. மதுவிலக்கைப் பற்றிக்கூட அது வாய் திறப்பதில்லை! நமக்கு இது சற்றுக் கசப்பாகவே இருக்கும். ஆனால் அந்த மௌனத்தினால்தான் அக்கட்சிக்காரனும் இக்கட்சிக்காரனும் அங்கே அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார முடிகிறது.

ஆகவே தொண்டர்கள் செய்யக்கூடியது இதுதான். திருவண்ணாமலையில் சத்திரங்களுக்கும் மண்டபங்களுக்கும் குறைவில்லை. வாரத்தில் ஒரு மாலை, ஓர் அறையை, வாடகை பேசியோ சகாயமாகவோ, கேள்வி கேட்காமல் திறந்துவிடும்படி சொந்தக்காரரைச் சம்மதிக்கச் செய்யுங்கள். ஒரு பானை தண்ணீர் வையுங்கள். வாசலில் கொடி வேண்டாம். திறப்பு விழா வேண்டாம். பொன்னாடை வேண்டாம். உள்ளே எட்டிப் பார்க்க வேண்டாம். வந்தவர் யார், வராதவர் யார் என்று கணக்கெடுக்க வேண்டாம். நமது நிருபரும் வாசலோடு நின்றுவிடுவார் என்று உறுதி கூறுகிறோம். படம் பிடிக்க மாட்டோம், பெயர் போட மாட்டோம். உங்கள் தெருவில் உள்ள குடிநோயாளியிடம், அவர் தெளிவாயிருக்கும் வேளை பார்த்து, இன்ன இடத்தில் இன்ன நாளில் கூட்டம் உண்டு, வாசல் வரையில் நானும் வருகிறேன் என்று மரியாதையோடு சொல்லுங்கள். அவர் வசை பாடினால் திரும்பி வாருங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடியும் போங்கள். விளம்பரம் இல்லாத இத்தொண்டைச் செய்ய மேடைப் பிரசங்கத்தைவிட அதிகத் தேசபக்தி வேண்டும்.

கடையை மூடும் போராட்டத்தை நாம் கைவிடச் சொல்லவில்லை. பூரண மதுவிலக்கைக் கேட்டு 2015 ஜூலை 31ந் தேதி கன்னியாகுமரி ஜில்லாவில் போராட்டக் களத்திலேயே உயிர் நீத்த காந்தியவாதி சசிபெருமாளின் நினைவு நம் நெஞ்சிலிருந்து அகலாது. கடை எதிரே இருக்கும் வரையில், கூட்டத்திலிருந்து வீடு திரும்புகிறவனின் கால் ஒவ்வொரு நாளும் சோதனைக்குள்ளாகும். ஆனால் சட்டம் வர எத்தனை வருஷம் ஆகுமோ! வந்த சட்டம் எத்தனை வருஷம் நிற்குமோ! அதுவரையில் அந்த மனிதன் காத்திருக்க மாட்டான். அவன் ஈரலும் காத்திருக்காது. அறையைத் திறப்பதற்கோ சட்டசபையின் அனுமதி வேண்டியதில்லை. ஒரு சாவியும் நாலு நாற்காலியும் போதும்.

அடுத்த பௌர்ணமிக்கு மலையைச் சுற்றும் லட்சம் பேரில், இனிக் குடிப்பதில்லை என்று மனத்துக்குள் வேண்டிக்கொண்டு நடப்பவர்கள் பலர் இருப்பார்கள். வேண்டுதல் முடிந்து அவர்கள் ஊருக்குள் திரும்பும்போது, தெருவில் கடை விளக்கு மாத்திரம் எரிந்துகொண்டிருக்க வேண்டுமா? இன்னும் ஒரு விளக்கு எரியும்படி திருவண்ணாமலையின் தொண்டர்கள் செய்வார்களா?